படத்தில் இருப்பது யாருடைய வீடு? முதல் வாசிப்பும் சாதியும்

அமெரிக்கக் கல்வியாளர் நான்சி லாரிக் 1965ஆம் ஆண்டு 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க்கின் மழலையர் பள்ளி ஒன்றில் படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, இதில் வரும் பிள்ளைகள் ஏன் எப்போதும் வெள்ளையாகவே இருக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து அக்கட்டுரை தொடங்குகிறது. 1962 முதல் 1964 வரை வெளியான 5,206 சிறார் நூல்களை அவர் ஆராய்ந்தார். சொல்லிலோ படத்திலோ கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. நம் குழந்தைகளின் கையில் தரப்படும் படப்புத்தகங்களைச் சாதி நோக்கில் இப்படி எண்ணிப் பார்த்தால் என்ன எஞ்சும்?

இதைத் தன்மதிப்புச் சிக்கலாக மட்டுமே நாம் பேசி வருகிறோம். வாசிக்கக் கற்பதன் அடிப்படையே இதில் அடங்கியிருக்கிறது. வாசிக்கத் தொடங்கும் குழந்தை இரண்டு வேலைகளைச் செய்கிறது. எழுத்தை ஒலியாக மாற்றுகிறது. அவ்வொலியைத் தான் ஏற்கெனவே அறிந்த ஒரு சொல்லோடும் பொருளோடும் இணைக்கிறது. இரண்டாவது வேலைக்குப் படம் பெருந்துணை. ஆனால் படத்தில் உள்ள வீடும் உணவும் உறவும் அக்குழந்தை அறியாதவை என்றால், எழுத்துக்கு முன்பாகப் படத்தையே அது கற்க வேண்டியதாகிறது.

புத்தகம் உள்ள வீட்டிலிருந்து வரும் குழந்தை, பள்ளியில் சேரும் முன்னரே சிலவற்றை அறிந்திருக்கும். புத்தகத்தை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கத்தில் தொடங்குவது, வரி இடமிருந்து வலமாகச் செல்வது, அந்தக் கறுப்புக் கோடுகளே பேச்சாக மாறுவது ஆகியவற்றை யாரும் அதற்குப் பாடமாக நடத்தியதில்லை. மடியில் அமர்ந்து பெற்றவை. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தை இவற்றை வகுப்பறையில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறது. அந்தச் சில மாத இடைவெளியைத்தான் 'மந்தம்' என்று பெயரிட்டுப் பின்வரிசைக்கு அனுப்புகிறார்கள். பிறகு அந்த 'மந்தத்துக்கு' சாதியையே காரணமாகக் காட்டுவோரும் உண்டு.

மாலை நேர வகுப்பு நடத்தும் தோழர்கள் இந்த இடைவெளியை எளிதில் நிரப்பலாம். ஐந்தாறு குழந்தைகள், ஒரு படப்புத்தகம், தினமும் பத்து நிமிடம் போதும். வாசிக்கும்போது சொற்களின் அடியில் விரலை ஓட்டுங்கள். ஒரே நூலை நான்கைந்து நாட்கள் திரும்ப வாசியுங்கள். நமக்குத்தான் அலுக்கும், குழந்தைக்கு அலுக்காது. "இது என்ன?" என்று கேட்டால் ஒற்றைச் சொல் வரும். "இவள் ஏன் அழுகிறாள்?" என்று கேட்டால் வாக்கியமே வரும். 1988இல் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிசெய்தது: வெறுமனே வாசித்துக்காட்டாமல் கேள்வி கேட்டுப் பேசவைக்கும்படி பெற்றோரைப் பயிற்றுவித்தபோது, ஒரே மாதத்தில் குழந்தைகளின் மொழித்திறன் முன்னேறியது.

குழந்தை தன் வீட்டுப் பேச்சில்தான் விடை சொல்லும். "நாயி ஓடியாருது" என்றால் அதைத் திருத்தாதீர்கள். "ஆமாம், ஓடியாருது. புத்தகத்தில் 'ஓடி வருகிறது' என்று எழுதியிருக்கிறார்கள்" என்று இரண்டையும் அருகருகே வையுங்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறுதான். ஆனால் 'சேரிப் பேச்சு' என்னும் ஏச்சைக் கேட்டு வாயை மூடிக்கொள்பவர்கள் நம் பிள்ளைகள்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். படம் பார்த்து ஊகிப்பது வாசிப்பு ஆகாது. ஆட்டுக்குட்டிப் படத்தின் கீழ் 'குட்டி' என்றிருக்க, குழந்தை 'ஆடு' என்று சொன்னால் பொருள் கிட்டியது, எழுத்து கிட்டவில்லை. எனவே கையால் படத்தை மறைத்துச் சொல்லை வாசிக்கச் சொல்வதும் அவசியம். தமிழில் 247 எழுத்துகளையும் ஒப்பித்துவிட்டால் வாசிப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது. அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்பதில் குறிகள் இருபுறமும் சூழ்கின்றன. 'கடல்', 'தங்கம்', 'மகள்' ஆகியவற்றில் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இவற்றை நேரடியாகக் கற்பிக்க வேண்டும். கற்றதைப் பழகும் களமாகப் படப்புத்தகம் அமையட்டும்.

நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், ஆங்கிலேய வீட்டைக் காட்டும் பாடநூல்கள் அவர்களுக்குப் பயன்படவில்லை எனக் கண்டார். உனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுத்தார். அச்சமும் அன்பும் நிறைந்த அச்சொற்கள் ஒரே பார்வையில் மனத்தில் பதிந்தன. அந்த அனுபவத்தை 1963இல் நூலாகவும் எழுதினார்.

இந்தியாவிலும் முயற்சிகள் உண்டு. ஐதராபாத்தின் அன்வேஷி அமைப்பு உருவாக்கிய 'டிஃபரண்ட் டேல்ஸ்' வரிசை 2008இல் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வெளிவந்தது. கோகு சியாமளா, ஜூபாக சுபத்ரா ஆகிய தலித் எழுத்தாளர்களின் கதைகள் அதில் உள்ளன. முகமது கதீர் பாபுவின் கதை ஒன்று தலைக்கறியைப் பற்றியது. அசைவ உணவு சிறார் நூலின் தலைப்பாகவே அமைந்தது சிறிய செய்தியன்று. ஆனால் இவை ஓரளவு வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கானவை. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி என்ற அளவில், முதல் வாசிப்புக்கான நூல்கள் இன்னும் ஏராளமாகத் தேவை.

அவற்றில் இழிவும் துயரமும் மட்டுமே நிறைந்திருக்க வேண்டியதில்லை. ஐந்து வயதில் நம் பிள்ளை தன்னைக் காணும் முதல் படம் அடிபடும் படமாகத்தான் இருக்க வேண்டுமா? செருப்பைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற, பறையடிக்கும் தாத்தாவின் தோளில் ஏறுகிற பிள்ளையாக அது இருக்கட்டும்.

பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றை அச்சிடலாம், சொற்களை மாற்றி நம் பகுதிப் பேச்சுக்கு ஏற்பத் திருத்தவும் திறந்த உரிமம் இடமளிக்கிறது. ஆசிரியர், ஓவியர் பெயர்களைக் குறிப்பிட வேண்டும் என்பதே நிபந்தனை. குழந்தைகள் சொல்லச் சொல்ல நாம் எழுதி, அவர்களே படம் வரைந்து, நூலால் தைத்த எட்டுப் பக்கப் புத்தகத்துக்கும் அதே நிபந்தனை பொருந்தும்: அட்டையில் அவர்கள் பெயரை எழுதுங்கள்.