சங்கத்தின் கணக்கைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை

தெருவிளக்கு எரியவில்லை என்றால் மனுவோடு மாநகராட்சிக்குப் போவது நலச்சங்கம். கண் சிகிச்சை முகாம், மாலை நேர வகுப்பு, ஆதரவற்ற முதியோருக்கு மதிய உணவு, மழை வெள்ளத்தின்போது பாலும் ரொட்டியும் என்று அரசின் கை எட்டாத இடங்களுக்கும் இத்தகைய சங்கங்கள் போய்ச் சேர்கின்றன. இவ்வளவும் நடப்பது சந்தாவிலும் நன்கொடையிலும். அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும், நல்லது செய்கிறவர்களைச் சந்தேகப்படுவதா என்று தயங்குகிறார்கள். கணக்குக் கேட்பது சந்தேகம் ஆகாது. சேவை தொடர்ந்து நடக்க அதுதான் பாதுகாப்பு.

சட்டம் சொல்வது என்ன?

தமிழ்நாட்டில் பெரும்பாலான நலச்சங்கங்கள் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 7 பேர் சேர்ந்தால் சங்கம் ஒன்றைப் பதிவு செய்யலாம். உறுப்பினர்கள் 20 பேரை எட்டினாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு நடக்கும். சங்கத்தின் நோக்கங்களும், ‘பைலா’ என்று சொல்லப்படும் துணைவிதிகளும் எழுத்தில் அங்கே தாக்கலாக வேண்டும்.

நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும்; அதன் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூடி, தணிக்கை செய்த வரவு செலவை உறுப்பினர்கள் முன் வைக்க வேண்டும். அதன் நகல் பதிவாளருக்கும் போக வேண்டும். தலைவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் இந்த விதிகளிலிருந்து விலக்கு இல்லை.

எங்கே தவறுகிறது?

பல சங்கங்களில் பொதுக்குழு ஏட்டில் மட்டுமே கூடுகிறது. மாலையில் ஒருவர் தீர்மானப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவார். “ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே, கூட்டம் நடந்த மாதிரி காட்டணும்” என்பார். மேலே பக்கம் வெறுமையாக இருக்கும். கீழே பெயர்கள் வரிசையாக இருக்கும். அந்த வெற்றிடத்தில் பிறகு எதை வேண்டுமானாலும் எழுதலாம்: கடன் வாங்கவும், சங்கத்தின் இடத்தை விற்கவும், பழைய குழுவே தொடரவும் நீங்கள் சம்மதித்ததாக. வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள்.

நன்கொடைக்கு வரிசை எண் அச்சிட்ட ரசீது கேளுங்கள். சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். நிர்வாகியின் சொந்தக் கைபேசி எண்ணுக்கு அனுப்ப வேண்டாம். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்று சொன்னால், அந்த அனுமதி நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது.

“உறுப்பினராகி முன்பணம் கட்டுங்கள், குறைந்த வட்டியில் கடன் வாங்கித் தருகிறோம், வீட்டுமனை தருகிறோம்” என்று வருகிறவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். அவர்கள் காட்டும் பதிவுச் சான்றிதழ் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் சங்கப் பதிவு, பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டக் கொடுத்த உரிமம் ஆகாது. அதேபோல், குழந்தைகள் இல்லம் நடத்த 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி தனிப் பதிவு தேவை. அது இல்லாத இல்லம் பற்றித் தெரியவந்தால் 1098-ஐ அழையுங்கள்.

தீர்வு எங்கே?

முதலில் சங்கத்துக்கே எழுதுங்கள். பொதுக்குழுவைக் கூட்டவும் கணக்கைக் காட்டவும் கேட்டு, கிடைத்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். சங்கம் தாக்கல் செய்த ஆவணங்களை அங்கே கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம். கடைசியாக எந்த ஆண்டின் கணக்கு வந்தது, நிர்வாகிகளாக யார் பெயர் இருக்கிறது என்பது அங்கே தெரியவரும்.

முறைகேடு இருப்பதாகத் தெரிந்தால், மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டு, சட்டத்தின் 36-ஆவது பிரிவின் கீழ் விசாரணை கோரலாம். பதிவாளர் தாமாகவும் விசாரிக்க முடியும். யார் உண்மையான நிர்வாகக் குழு என்ற தேர்தல் தகராறுக்கு முடிவான தீர்ப்பு உரிமையியல் நீதிமன்றத்தில்தான். பணத்தைக் கையாடினால் காவல்துறையில் நம்பிக்கை மோசடிப் புகார் கொடுக்கலாம். வைப்புத்தொகை திரட்டி ஏமாற்றினால், 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவை அணுகுங்கள்.

நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். வரவு செலவை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். காசோலையில் இருவர் கையெழுத்தைக் கட்டாயமாக்குங்கள். கணக்குத் திறந்திருக்கும் சங்கத்துக்குக் கேட்காமலே நன்கொடை வரும்.

நேர்மையாக உழைக்கும் சங்கங்கள் நம் ஊர்களில் ஏராளம். ஒரு மோசடி வெளியே வந்தால் அடுத்த வெள்ளத்தில் அவர்களுக்கும் உதவி குறைகிறது. பட்டினி கிடப்பது அந்த மதியச் சோற்றை நம்பியிருந்த முதியவர். உங்கள் சங்கத்தின் கடைசிப் பொதுக்குழு எப்போது நடந்தது என்று இந்த வாரமே கேளுங்கள்.