நம்ம மாமா, அத்தையும் ஐ.ஏ.எஸ். பாடம்தான்!



கலெக்டர் ஆகணும்னு நம்மில் பலருக்கு ஆசை. அதற்கு என்ன படிக்கணும்? பட்டம் வாங்கி, 21 வயது ஆகியிருக்கணும். முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு என மூன்று கட்டம். முதன்மைத் தேர்வில் நமக்குப் பிடித்த விருப்பப்பாடம் ஒன்று எடுக்கலாம். அதற்கு இரண்டு தாள், தாளுக்கு 250 மதிப்பெண். அப்படி ஒரு பாடம்தான் மானிடவியல். 2017 தேர்வில் இந்தியாவிலேயே முதலிடம் வந்த அனுதீப் துரிஷெட்டி எடுத்தது இதைத்தான்.

மானிடவியல் என்றால் மனிதனைப் பற்றிய படிப்பு. முதல் தாளில் மனிதன் தோன்றிய விதம், குடும்பம், திருமணம், உறவுமுறை வரும். இரண்டாம் தாளில் இந்தியச் சமூகமும் பழங்குடி மக்களும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது உறவுமுறைதான். ஆங்கிலத்தில் சித்தப்பாவும் 'அங்கிள்', மாமாவும் 'அங்கிள்'. நமக்கோ சித்தப்பா மகன் அண்ணன், தம்பி. மாமா மகன் முறைப்பையன்! இந்த வகைக்கு அறிஞர்கள் வைத்த பெயரே 'திராவிட உறவுமுறை'. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் நீலகிரிக்கு வந்து, தோடர்களின் வம்சாவளியைக் கேட்டு எழுதி, 1906-ல் புத்தகமாக வெளியிட்டார்.

நீங்களும் வம்சாவளிப் படம் போடலாம். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு = குறி. அதிலிருந்து கீழே கோடு இழுத்துப் பிள்ளைகளைப் போடணும். அப்பத்தாவிடமும் அம்மாச்சியிடமும் கேட்டால் நாலு தலைமுறை கிடைக்கும். பரீட்சைக்கு இதுவே நல்ல பயிற்சி.

இரண்டாம் தாளும் நமக்குப் பக்கம்தான். நம் மாவட்டத்தில் கொடைக்கானல் மலையிலும் சிறுமலையிலும் பளியர்கள் வாழ்கிறார்கள். மலைத்தேன் எடுப்பதில் கெட்டிக்காரர்கள். காட்டில் வாழ்கிறவர்களுக்காக 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. யாருக்கு நில உரிமை என்று முடிவு செய்யும் மாவட்டக் குழுவுக்குக் கலெக்டர்தான் தலைவர். அவங்க வாழ்க்கையே தெரியாதவர் கையெழுத்துப் போட்டால் எப்படி இருக்கும்? யோசிச்சுப் பாருங்க.

வயநாட்டில் குறிச்சியர் பழங்குடியில் பிறந்த ஸ்ரீதன்யா சுரேஷ், 2018 தேர்வில் 410-வது இடம் பெற்றார். பாடப்புத்தகத்தில் 'அவர்கள்' என்று எழுதப்படுகிறவர்களில் ஒருவரே அதிகாரி ஆகிவிட்டார்!

முதன்மைத் தேர்வுக் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும். ஆனால் பதிலைத் தமிழிலேயே எழுதலாம். அதனால் ஆங்கிலத்தையும் விடாமல் படிப்போம், தமிழிலும் தெளிவாக எழுதிப் பழகுவோம். இப்போதைக்கு அப்பத்தாகிட்ட கேள்வி கேட்பதில் இருந்து ஆரம்பிக்கலாம்!