சாவிக்கொத்தோடு கைமாறாதவை

இன்றைக்கு அறுபது வயதை எட்டும் தலைமையாசிரியர்களில் பலருக்கு, சான்றிதழ்படி பிறந்த நாள் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ வரும். அந்தக் காலத்துக் கிராமங்களில் பிறப்பைப் பதிந்து வைப்பவர்கள் குறைவு. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் அப்பாவிடம், “எப்பப் பொறந்தான்?” என்று பெரிய வாத்தியார் கேட்பார். “தனுஷ்கோடி புயல் அடிச்ச மறு வருஷங்க” என்று பதில் வரும். தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஐந்து வயது நிரம்பியதாகக் கணக்கு வருகிற மாதிரி ஒரு தேதியை அவரே எழுதிக்கொள்வார். அப்படி எழுதிய தேதிதான் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஆசிரியராகிவிட்ட அந்தப் பையனைப் பள்ளியிலிருந்து அனுப்பி வைக்கிறது.

ஓய்வு வயதை எட்டும் மாதத்தின் கடைசி நாள்தான் அரசுப் பணியின் கடைசி நாள். முதல் தேதியில் பிறந்தவர் என்றால் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். ஆகவே ஜூன் 1-ஆம் தேதி பிறந்தவருக்கும் மே 31 தான். தமிழகத்தில் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020 மே மாதம் 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்ந்தது. அதனால் இரண்டு ஆண்டுகள் வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர்களே அநேகமாக இல்லை. 2022 மே 31 அன்றுதான் வயது முதிர்வு ஓய்வு மீண்டும் தொடங்கியது. அதிலிருந்து ஒவ்வொரு மே கடைசியிலும் பலர் விடைபெறுகிறார்கள்.

மே 31 அன்று பள்ளியில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். கோடை விடுமுறை. முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவில் வேலை பார்த்தவர், கடைசிக் கையெழுத்தைப் பூட்டிக் கிடக்கும் பள்ளியைத் திறந்துதான் போட வேண்டியிருக்கிறது. பிள்ளைகளிடம் விடைபெறுவதை ஏப்ரல் கடைசி வேலைநாளிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கோ ஆண்டுத் தேர்வு முடிந்த துள்ளலில் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு தலைமையாசிரியர் ஊருக்கும் பள்ளிக்கும் சொல்ல வேண்டியதை எப்போது, யாரிடம் சொல்வது என்பதை யாருமே யோசித்து வைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விழாவுக்கு மட்டும் குறைவில்லை. பணி நிறைவுப் பாராட்டு விழா என்று முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் நிற்கும். பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை, கேடயம், வாழ்த்து மடல், ஒரு கிராம் மோதிரம், மண்டபத்தில் விருந்து. சில ஊர்களில் தாய்மாமன் சீர் கொண்டு வருவதுபோல மேளதாளத்தோடு தாம்பாளத் தட்டுகளை ஏந்தி வருகிறார்கள். சாரட்டு வண்டியில் ஊர்வலம் விடுகிறார்கள். இதில் ஊரின் நெஞ்சம் தெரிகிறது, மறுக்கவில்லை. 1921-இல் தத்துவப் பேராசிரியர் ராதாகிருஷ்ணன் மைசூரை விட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது, மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துப் போனார்கள். 2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப்பள்ளியில், மாறுதலாகிப் போகவிருந்த ஆங்கில ஆசிரியரைப் பிள்ளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத காட்சியை நாடே பார்த்தது. அந்த மாறுதல் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. நல்லாசிரியரை விட மனமில்லாமல் பிடித்துக்கொள்வது இந்த மண்ணின் இயல்பு.

ஆனால் விழா மேடையில் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் வெளியாட்கள். சங்கப் பொறுப்பாளர்கள், பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர்கள், அதிகாரிகள். பிள்ளைகள் பந்தலின் பின்வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் அரைமணி பேசி முடித்த பிறகு, ஏற்புரைக்கு எழும் தலைமையாசிரியருக்குக் கிடைப்பது பத்து நிமிடம். பந்தி காத்திருக்கும். நன்றி சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வதோடு அது முடிந்துவிடும். இருபது ஆண்டுகள் ஒரு ஊரின் பிள்ளைகளைப் பார்த்தவருக்குத் தெரிந்ததெல்லாம் மாலையோடு சேர்ந்து அவர் வீட்டுக்குப் போய்விடுகிறது.

டெல்டா மாவட்டம் ஒன்றில், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. தலைமையாசிரியை ஓய்வு பெறுகிறார். அடுத்த எச்.எம். இன்னும் வரவில்லை, பட்டதாரி ஆசிரியை ஒருவர்தான் பொறுப்பு. சார்ஜ் ஒப்படைக்கும் வேலை நடந்துகொண்டிருந்த அறையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மேசை முழுக்கப் பதிவேடுகள். சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் புத்தகம், ரொக்கப் பதிவேடு, பள்ளி மேலாண்மைக் குழுவின் பாஸ்புக், தளவாடப் பதிவேடு, பீரோ சாவி, பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் தளத்தின் கடவுச்சொல் எழுதிய துண்டுத் தாள். தளவாடப் பதிவேட்டில் பிளாஸ்டிக் நாற்காலி நாற்பத்திரண்டு. எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்பது. தேர்தலுக்கு வாக்குச்சாவடி வைத்தபோது உடைந்த மூன்றையும் பின்கட்டிலிருந்து தேடி எடுத்து வந்து காட்டி, ‘பழுது’ என்று குறித்த பிறகுதான் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். உடைந்த நாற்காலிக்கு இத்தனை கவனம். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கும், வீட்டில் சோறில்லாத பிள்ளைக்கும் அந்த மேசையில் ஒரு பதிவேடும் இல்லை.

கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு பெரிய டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இனிமேதான் டீச்சர் நிஜமான சார்ஜ். எழுதிக்கங்க” என்றார்.

ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கினார். “இந்தப் பையன் அடாவடி பண்றான்னு எல்லாரும் சொல்வாங்க. கண்ணு சரியாத் தெரியல அவனுக்கு. கண்ணாடி வாங்கிக் கொடுத்தாச்சு. கேலி பண்றாங்கன்னு பைக்குள்ளயே வச்சுக்குவான். முதல் பெஞ்சுல உக்கார வைங்க.” அடுத்த பெயர். “இவ அப்பா குடிச்சிட்டு வந்து கையெழுத்துப் போடுறேம்பாரு. அவருகிட்டப் பேசாதீங்க. பாட்டி இருக்காங்க, விவரமானவங்க, அவங்களை வரச் சொல்லுங்க.” எட்டாம் வகுப்புக்கு வந்தபோது குரலைத் தாழ்த்தினார். “இந்தப் பொண்ணு ரெண்டு நாள் சேர்ந்தாப்புல வரலைன்னா மூணாவது நாளுக்குக் காத்திருக்காதீங்க. தாய்மாமனுக்குக் கட்டி வைக்கணும்னு வீட்டுல ஒரு பேச்சு ஓடுது. நேராப் போயிடுங்க. மசியலைன்னா 1098-க்குப் போன் போட்டுடுங்க. ‘பெரிய டீச்சர்தான் சொன்னாங்க’ன்னு என் பேரையே சொல்லுங்க, பழி என்கிட்டயே இருக்கட்டும்.”

இரண்டு மணி நேரம் ஆனது. செங்கல் சூளைக்குப் போன குடும்பங்கள் எப்போது திரும்பும், அவர்களில் யார் போனை எடுப்பார்கள், மழைக்காலத்தில் எந்த வகுப்பறையில் எந்த மூலை ஒழுகும், எந்தப் பெற்றோர் ஏசிவிட்டுப் போனாலும் மறுநாள் வந்து மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார் என்பது வரை எல்லாம் வந்தது. இளைய டீச்சர் ஒரு நாற்பது பக்க நோட்டை நிரப்பினார். இப்படிச் செய்ய வேண்டும் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்குத் தோன்றியதால் நடந்தது. தோன்றாத பள்ளிகளில், தெரிந்ததெல்லாம் அப்படியே மறைந்து போகிறது. புதிதாக வருகிறவர் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து கற்றுக்கொள்ள ஓராண்டு பிடிக்கும். அந்த ஓராண்டில் நழுவிப் போகும் பிள்ளைகள் நழுவியவர்கள்தான்.

விடைபெறுகிற ஆசிரியர் தமக்குப் பின்னால் வருகிறவரைப் பற்றிக் கவலைப்பட்டதால் என்ன நடந்தது என்பதற்குத் தமிழில் பெரிய சான்று ஒன்று இருக்கிறது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் தியாகராச செட்டியார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். 1880-இல் ஓய்வு பெறும் வேளையில், தம் இடத்துக்குத் தகுந்தவர் வர வேண்டும் என்று அவரே இறங்கி வேலை செய்தார். திருவாவடுதுறை ஆதீனத்தில் இருந்த உ.வே.சாமிநாதையர் மேல் அவருக்குக் கண். ஐயரை அனுப்ப சுப்பிரமணிய தேசிகருக்கு மனமில்லை. செட்டியார் விடவில்லை, மடத்துக்கே போய்ப் பேசிச் சம்மதம் வாங்கினார். கல்லூரித் தலைவரிடமும் எடுத்துச் சொன்னார். அதே ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த பிறகுதான் சாமிநாதையரின் கவனம் பழந்தமிழ் நூல்களின் பக்கம் திரும்பியது. 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு வந்தவற்றைத் தமிழுலகம் அறியும். செட்டியார் தம் நாற்காலியை ‘யாரோ வந்து உட்காரட்டும்’ என்று விட்டுவிட்டுப் போயிருந்தால், அந்தச் சந்திப்பு நடந்திருக்குமா என்றே தெரியாது.

இன்றைய தலைமையாசிரியருக்குத் தமக்குப் பின்னால் வருகிறவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. இருக்கவும் வேண்டாம், பணிமூப்பும் கலந்தாய்வும் நியாயமான வழிகள். ஆனால் ஒருவர் வரவே வேண்டுமே? தலைமையாசிரியர் இல்லாமல் பொறுப்பு எச்.எம். வைத்து ஓடும் பள்ளிகளைப் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. பதவி உயர்வு தொடர்பான வழக்குகள் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெறாதவர்களுக்குப் பதவி உயர்வு இல்லை என்று தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம். பதவி உயர்வு வேண்டுமென்றால் தேர்ச்சி வேண்டும். சட்டம் அதன் வழியில் போகட்டும். வகுப்பும் எடுத்து, எமிஸில் விவரமும் ஏற்றி, காலை உணவையும் மதிய உணவையும் ருசி பார்த்து, கூட்டத்துக்கும் ஓடும் பொறுப்பு ஆசிரியைக்கு அந்த வழக்குகளில் எந்தப் பங்கும் இல்லை. சுமை மட்டும் அவர் தலையில் விழுவது அநியாயம். ஓய்வு பெறும் தேதியைக் கணக்கிட வேண்டிய பிறந்த தேதி பணியில் சேர்ந்த நாளிலிருந்தே பணிப்பதிவேட்டில் இருக்கிறது. அது தெரிந்த பிறகும், ஏப்ரல் மாதத்திலேயே அடுத்தவரை அமர்த்தி, நான்கு வாரமாவது இருவரும் ஒரே பள்ளியில் சேர்ந்திருக்கும்படி ஏன் செய்ய முடியாது?

அதுவரை ஊர்தான் தாங்க வேண்டும். ஊருக்கு இது புதிதும் அல்ல. நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958-இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. அந்த மாநாடுகளில் மக்கள் பள்ளிக்கு வேண்டிய பொருட்களைத் தாமே கொண்டு வந்து கொடுத்தார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அந்த உறவைச் சட்டமாக்கியது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தலைமையாசிரியர் மாறுவார். பிள்ளை படிக்கிற வரை பெற்றோர் அங்கேயே இருப்பார்கள்.

அந்த டெல்டா பள்ளித் தலைமையாசிரியை விழாவுக்குச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. முதல் நாள் சாயங்காலம் மேலாண்மைக் குழு கூட வேண்டும். வயல் வேலை முடித்துக் கால் கழுவிக்கொண்டு வந்த பெண்கள் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். “நீங்க போயிட்டா எங்க புள்ளைவொளை யாரு டீச்சர் பாப்பா?” என்று ஒருவர் அழ ஆரம்பித்தார்.

“அழுறதுக்கு நாளைக்கு நேரம் இருக்கு” என்று டீச்சர் தொடங்கினார். அன்று அவர் பேசியதில் புகழ்ச்சிக்கோ பழங்கதைக்கோ இடமே இல்லை. “வரப்போறவங்க யாரா இருந்தாலும் ஆறு மாசத்துக்கு ‘பெரிய டீச்சர் இருந்தப்ப இப்படியா இருந்துச்சு’ன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. நான் வந்த புதுசுல என்னை அப்படித்தான் சொன்னீங்க. ராத்திரி வீட்டுக்குப் போய் அழுதிருக்கேன். ரெண்டாவது, டி.சி. வேணும், ஜாதிச் சான்றுக்கு எழுதணும்னு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கக் கூடாது. கல்யாணம், காதுகுத்து எதுக்கும் கூப்பிடுங்க, வர்றேன். பள்ளிக்கூட விஷயத்துக்குப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகணும். நான் நடுவுல வந்தா அவங்க காலூன்ற முடியாது.”

விடைபெறுகிற தலைமை செய்ய வேண்டிய வேலைகளில் கடினமானது இதுதான் என்று நினைக்கிறேன். நேசிக்கிற இடத்திலிருந்து தன்னைத் தானே எடுத்துக்கொள்வது. பலரால் முடிவதில்லை. ஓய்வுக்குப் பிறகும் தினம் பள்ளிக்கு வந்து உட்காரும் அன்பான பெரியவர்களை எல்லா மாவட்டங்களிலும் காணலாம். புதியவர் அவர்களை எழுந்து போகச் சொல்லவும் முடியாமல், தன் முடிவைத் தானே எடுக்கவும் முடியாமல் தவிப்பார்.

அதன் பிறகு தீர்மானம் எழுதினார்கள். பள்ளி திறக்கும் வாரத்தில் சூளைக்குப் போன ஏழு குடும்பங்களையும் குழுவின் இரண்டு பெண்கள் போய்ப் பார்ப்பது. முன்னாள் மாணவர்கள் சாயங்காலத்தில் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகளோடு உட்காருவது. மூன்றாவதாக, காலியாகும் தலைமையாசிரியர் பணியிடத்தை விரைவில் நிரப்பும்படி வட்டாரக் கல்வி அலுவலருக்கு வேண்டுகோள்.

குழுத் தலைவி ஒரு நூறு நாள் வேலைத் திட்டத் தொழிலாளி. தீர்மானம் எழுதிக்கொண்டிருந்த இளைய டீச்சரைக் கையமர்த்தினார்.

“விரைவில்னு எழுதாதீங்க டீச்சர். ரோட்டுக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். தேதி போடுங்க.”

எந்தத் தேதி என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். ஜூன் 15 என்று எழுதி, வந்திருந்த எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள்.