போடி ரயில் நிலையமும் நமது வணிகமும்

ஏலக்காய் வியாபாரம் செய்யும் எவருக்கும் போடிநாயக்கனூரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலையில் விளைவது அடிவாரத்தில் இறங்கி, ஏலத்தில் விலையாகி, பல ஊர் மண்டிகளுக்கும் போகிறது. இவ்வூருக்கு ரயில் வந்த கதையும், போன கதையும், மீண்டும் வந்த கதையும் வணிகர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டியவை.

ரயில் வருவதற்கு முன்பு மூணாறு தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கீழே இறங்கின. அடிவாரத்திலிருந்து வண்டிகளில் போடிக்கு வந்து, பிறகு அம்மையநாயக்கனூர் ரயிலடி வரை சாலை வழியே சென்றன. இந்தச் சுமையைக் குறைக்க வந்ததுதான் மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதை. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை 1928-இல் திறக்கப்பட்டது.

ஆனால் அது நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. மீண்டும் ரயில் ஓடியது 1954-இல்தான். பின்னர் அகலப் பாதைப் பணிக்காக 2010-ஆம் ஆண்டு முடிவில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூன் 15-இல் போடி வரையும் ரயில் வந்து சேர்ந்தது. மதுரை ரயில் போடிக்கு நீட்டிக்கப்பட்டதோடு, சென்னை சென்ட்ரலுக்கு வாரம் மூன்று நாள் விரைவு ரயிலும் அன்றுதான் தொடங்கிற்று.

ஆக, பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் போடி வணிகர்கள் லாரியை மட்டுமே நம்பியிருந்தனர். ஒரு தலைமுறை ரயில் பார்சல் நடைமுறையையே மறந்துவிட்டது. அதனால் சில விவரங்களை இங்கே நினைவூட்டுகிறோம். இவை போடிக்கு மட்டுமல்ல, எல்லா ஊர் வணிகர்களுக்கும் பொருந்தும்.

சரக்கு அனுப்பும்போது

எந்த நிலையத்தில், எந்த ரயிலில் பார்சல் ஏற்கப்படும் என்பதை முன்னதாகவே கேட்டறிய வேண்டும். மூட்டையை நன்றாகத் தைத்து, அனுப்புநர், பெறுநர் முகவரிகளைத் தெளிவாக எழுத வேண்டும். அனுப்பும் படிவத்தில் சரக்கின் பெயரையும் எடையையும் உள்ளபடி குறிப்பிட வேண்டும். ரயில்வே தரும் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மதிப்பைச் சொல்லுங்கள்

நம்மில் பலர் கவனிக்காத இடம் இதுதான். சரக்கின் மதிப்பை முன்கூட்டியே அறிவித்து, அதற்குரிய சதவீதக் கட்டணத்தைச் செலுத்தாவிட்டால், ரயில்வேயின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 1990-ஆம் ஆண்டு விதிகளின்படி அது பார்சலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய்தான். 50 கிலோ புளி மூட்டை என்றால் நஷ்டம் ஓரளவோடு போகும். அதே எடையில் ஏலக்காய் என்றால்? கிலோ 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூட்டையின் மதிப்பு ஒரு லட்சம். அது தொலைந்தால் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 2,500 ரூபாய்! சிறு கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய் முதலையே இழக்கலாமா? விலை உயர்ந்த சரக்குக்கு மதிப்பை அறிவிப்பதே புத்திசாலித்தனம்.

'உரிமையாளர் பொறுப்பு' என்ற குறைந்த கட்டணத்தில் அனுப்பினால், ரயில்வேயின் கவனக்குறைவை நாமே நிரூபிக்க வேண்டிவரும். இதையும் யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரக்கு எடுக்கும்போது

மூட்டை கிழிந்தோ, பிரித்துத் தைத்த அடையாளத்துடனோ வந்தால், அப்படியே கையெழுத்துப் போட்டு எடுத்துவிடக் கூடாது. திறந்து காட்டி, குறைவைப் பதிவு செய்து ஒப்படைக்கும்படி கேட்க 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 81-ஆம் பிரிவு நமக்கு உரிமை தருகிறது. அந்தப் பதிவே பின்னால் சாட்சி.

சரக்கை உரிய நேரத்துக்குள் எடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும். அதோடு, சட்டப்படி போக்குவரத்து முடிந்த பின் ஏழு நாள் கடந்துவிட்டால் ரயில்வேயின் பொறுப்பும் முடிந்துவிடும்.

நஷ்டம் ஏற்பட்டால்

சரக்கை ரயில்வேயிடம் ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். வந்து சேர்ந்த நாளிலிருந்து என்று தவறாக எண்ணிவிடக் கூடாது. தீர்வு கிடைக்காவிட்டால், ஒப்படைத்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ரசீது நகல், பட்டியல், குறைவுச் சான்று மூன்றையும் ஒரே கோப்பில் வைத்திருப்பது நலம்.

இருமுறை கைவிட்டுப்போய்த் திரும்பக் கிடைத்த பாதை இது. லாரி வீட்டு வாசல் வரை வரும். ரயில் அப்படி வராது என்பது உண்மைதான். என்றாலும் இரு வழிகள் இருக்கும் ஊரில்தான் வாடகை கட்டுக்குள் நிற்கும். உங்கள் ஊர் நிலையத்துக்கு ஒருமுறை நேரில் சென்று, பார்சல் வசதியையும் கட்டணத்தையும் விசாரித்து, லாரி வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வசதி இல்லாத ஊர்களில், சரக்கு அளவைக் கணக்கிட்டுச் சங்கத்தின் மூலம் மனுக் கொடுப்போம். கணக்கோடு கேட்கும் கோரிக்கைக்குத்தான் மதிப்பு அதிகம்.