பொருளின்றி எழுந்த கோயில்

கையில் பொருள் இல்லாதவரும் உள்ளத்தில் நிறைவோடு வாழ இயலும் என்பதையும், அந்நிறைவுக்கு ஒழுங்குபட்ட கற்பனை வழியாகும் என்பதையும் தமிழ்ச் சைவம் தன் அருள்நூல்களின் வாயிலாகக் கற்பித்து வந்திருக்கிறது. பன்னிரு திருமுறை எனத் தொகுக்கப்பட்ட நூல்களுள் இறுதியானதும், 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றியதுமான பெரியபுராணம், 63 நாயன்மார்களுள் ஒருவராகிய பூசலாரைக் கொண்டு இதை விளக்குகிறது.

சென்னைக்கு மேற்கேயுள்ள திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார், சிவனுக்குக் கோயில் எழுப்ப விரும்பிப் பொருள் தேடியும் கிடைக்காமையால், மனத்திலேயே தச்சரையும் கருவிகளையும் கல்லையும் சேர்த்து, நல்ல நாளில் அடிநிலை அமைத்து, இரவிலும் உறங்காமல் சிகரம், மதில், கிணறு, குளம் என ஒவ்வொன்றாகக் கட்டி முடித்தார். அக்கோயிலின் குடமுழுக்குக்கு அவர் குறித்த அதே நாளில் காஞ்சியில் கற்கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்யவிருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, பூசலாரின் கோயிலுக்குத் தாம் செல்லவிருப்பதால் வேறு நாள் குறிக்குமாறு பணித்தார் என்கிறது புராணம்.

இங்குக் கற்பனை என்பது ஏக்கத்தைத் தணிக்கும் பகற்கனவு அன்று. உண்மைக் கோயிலுக்கு வேண்டிய பொறுமை, வரிசைமுறை, உழைப்பு ஆகிய அனைத்தையும் வேண்டிநின்ற தவம். பூசலாருக்குப் பின்னர்ப் பொன் குவிந்தது என்று சேக்கிழார் பாடாததால், நிறைவு என்பது செல்வமாக மாறவேண்டிய முதலீடு அன்று என்பதும் விளங்குகிறது. மலரும் நீரும் விளக்கும் மனத்தாலேயே படைத்து வழிபடும் மானச பூசையும் இந்த அடிப்படையிலேயே அமைந்தது.

மலேசியாவின் கெடா மாநில ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர்கள், குறைந்த கூலியிலும் லயக் குடியிருப்புகளின் அருகே சிறு கோயில்களை எழுப்பினர்; தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் அலோர் ஸ்டார், சுங்கைப்பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்த பின்னர், கட்டடத்தை உடன்கொண்டு செல்ல இயலாதவர்களுக்குப் பூசலாரின் வரலாறு மிக நெருக்கமானதாகிறது. மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்காகப் பிள்ளைகள் பாடல்களை மனனம் செய்வது அரிய பணி. அதனோடு, ஒரு பாடலில் வரும் ஊரையும் கோயிலையும் அவர்கள் மனத்தால் கட்டிப் பார்த்துத் தம் சொற்களில் விவரிக்கவும் பழக்கினால், ஓதுதல் நாவோடு நில்லாமல் வாழ்நாள் முழுவதும் உடனிருக்கும் செல்வமாகும்.