நிரல்மொழியும் தரவுத்தளமும்: பதிப்புப் பொருத்தம்

பாடசாலைகளின் மாணவர் பதிவுகளும் பரீட்சைப் புள்ளிகளும் இன்று பெரும்பாலும் கணினித் தரவுத்தளங்களிற் பேணப்படுகின்றன. அவற்றை எடுத்தாளும் நிரல் வேறொரு மொழியில் எழுதப்படுவது. இவ்விரண்டின் பதிப்புகளும் தம்முட் பொருந்தாவிடின், பதிவுகள் அழியாதிருந்தும் அவற்றை எட்டுதல் இயலாதாம்.

மொழியையும் தளத்தையும் இடைநின்று பிணைப்பது இணைப்பி எனப்படும் சிறுநிரல். பொருத்தமின்மை பெரும்பாலும் ஈண்டே தோன்றுகின்றது. பீ.எச்.பீ. மொழியும் மைஎஸ்கியூஎல் தளமும் இதற்குத் தக்க சான்றாம். 2015 இல் வெளிவந்த பீ.எச்.பீ. 7.0, பழைய இணைப்பியை அறவே நீக்கிற்று. அதனை நம்பிய நிரல்கள் யாவும் திருத்தப்பட வேண்டியவாயின. 2018 இல் மைஎஸ்கியூஎல் 8.0, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் இயல்பு முறையை மாற்றிற்று. அப்புதுமுறையை 2019 இல் வந்த பீ.எச்.பீ. 7.4 ஏற்றது. அதற்கிடையிற் பலர் தளத்தைப் பழைய முறைக்குத் திருப்பி இடர் நீங்கினர். அவ்வழியும் நிலைக்கவில்லை. 2024 இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.4 பழைய முறையை இயல்பாகவே முடக்கி வைத்தது. அவ்வாண்டே வந்த 9.0 அதனைத் தளத்தினின்றும் நீக்கிற்று.

ஆதலின், பதிப்பைத் தெரிவோர் முதற்கண் தளத்தின் பதிப்பை அறிதல் வேண்டும். அடுத்து, இணைப்பி அப்பதிப்பை ஏற்குமோ என்பதை அதன் கைந்நூலிற் காணல் வேண்டும். பின்னர், மொழிப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வழங்கப்படுகின்றனவா என ஆராய்தல் வேண்டும், பீ.எச்.பீ. 7.4 பொருத்தமுடைத்தாயினும் அதற்கான திருத்தங்கள் 2022 இல் நின்றுவிட்டன. ஈற்றில், தரவின் படியொன்றிற் சோதித்த பின்னரே மூலத்தைத் தொடுதல் தகும். ஒரு மாணவனின் பல்லாண்டு உழைப்புக்குச் சான்று அம்மூலமே என்பதை மறத்தலாகாது.