நம்ம வெப்சைட்டையும் மாதாமாதம் பார்க்கணும்



போன தை மாதம் காவலூர் வானாய்வகம் பார்க்க வந்த ஒரு குடும்பம், ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு செல்போனில் நம் கூட்டமைப்பின் வெப்சைட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சாமை அரிசியும் மலைத் தேனும் வாங்க ஆசை. அதில் போட்டிருந்த நம்பருக்கு மூன்று தடவை அடித்தார்கள். அது முன்பு பொறுப்பில் இருந்த பிரதிநிதியின் நம்பர். அவர் அந்த சிம்மை விட்டு ரொம்ப நாளாச்சு. இப்போது அது யாரோ ஒரு லாரி டிரைவரிடம் இருக்கிறது. "இங்க தேனும் இல்ல, ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லி வைத்துவிட்டார். நம் விற்பனை நிலையம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். டீக்கடை வைத்திருக்கிற நம் உறுப்பினர் சொல்லித்தான் எங்களுக்கே இது தெரியும்.

அன்று சாயங்காலம் வெப்சைட்டை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்தோம். வெட்கமாக இருந்தது. முகவரியில் இன்னும் "வேலூர் மாவட்டம்" என்றே இருக்கிறது. 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆகிவிட்டது. தேனின் விலை பழசு. சீதாப்பழம் முடிந்து மாதக்கணக்கில் ஆகியும் "இப்போது கிடைக்கும்" என்று இருக்கிறது. கடைசியாகப் போட்ட செய்தி ஒரு மகளிர் தின விழா. அதற்குப் பிறகு நாம் எல்லோரும் குழுவைக் கலைத்துவிட்டுப் போய்விட்டோமோ என்று பார்க்கிறவர்கள் நினைத்தால் அவர்கள் மேல் தப்பில்லை.

ஆரம்பிக்கும்போது எல்லோருக்கும் உற்சாகம் இருந்தது. ஆனால் குழு தொடங்கிய அன்று மட்டும் கூட்டம் போட்டு, பிறகு தீர்மானப் புத்தகத்தையே திறக்காவிட்டால் குழு என்ன ஆகும்? வெப்சைட்டும் அப்படித்தான்.

தகவலைப் புதுசாக வைத்துக்கொள்வதற்கு நல்ல உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில் இருக்கிறது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள கிராமங்களில் தகவல் மையங்களை ஆரம்பித்தது. வில்லியனூரில் தலைமை மையம். அங்கிருந்து ஊர்களுக்கு வானொலி அலை மூலம் செய்தி போகும், ஏனென்றால் அப்போது பல ஊர்களில் டெலிபோனே சரியாகக் கிடையாது. எம்பலத்தில் கோயில் கட்டடத்திலேயே மையம் நடந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர்கள் ஊர்ப் பெண்கள். அவர்கள் முதலில் செய்த வேலை கம்ப்யூட்டர் வாங்குவது இல்லை, ஊரில் யாருக்கு என்ன தெரிய வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டது. நெல் விலை, அரசுத் திட்டங்களில் யாருக்குத் தகுதி, பஸ் நேரம், டாக்டர் எப்போது வருவார், இதுபோல. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்று தினமும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டிலிருந்து! அதைத் தமிழில் மாற்றி, கடலுக்குப் போகிற நேரத்துக்கு முன்னால் சொன்னதால்தான் அது பயன்பட்டது. நேற்றைய அலையை இன்று சொன்னால் யாருக்கு என்ன லாபம்?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, நல்லவாடு என்ற மீனவ கிராமத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். டி.வி.யில் செய்தி பார்த்து ஊருக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்க, ஜனங்கள் ஓடித் தப்பித்தார்கள். படகும் வீடும் போயின, உயிர்கள் பிழைத்தன. தினமும் பயன்படுத்திய ஒலிபெருக்கி என்பதால் அன்றைக்கு வேலை செய்தது. அதில் வரும் குரலை ஜனங்களும் நம்பினார்கள்.

நம் தேன் விற்பனை அவ்வளவு பெரிய விஷயமில்லைதான். ஆனால் வேலை ஒன்றே.

நம்பர் விஷயத்தை முதலில் சரி செய்தோம். தனி ஆள் நம்பர் இனி வேண்டாம். கூட்டமைப்பின் பெயரில் ஒரு சிம், விற்பனை நிலையத்திலேயே இருக்கிற போனில். பொறுப்பாளர் மாறினாலும் நம்பர் மாறாது. ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால் கம்பெனி அந்த நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய சிக்கல் வெப்சைட் பெயர். இதை நாம் சொந்தமாக வாங்கிவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வருஷ வாடகை மாதிரிதான். கெடு முடிவதற்குள் கட்டணும். கட்டாவிட்டால் கொஞ்ச நாள் பொறுப்பார்கள், பிறகு அந்தப் பெயரை வேறு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நம் பேருக்குள்ளே சூதாட்ட விளம்பரம் போட்டாலும் கேட்க முடியாது. நமக்கு அது நடக்க இருந்தது. ஆரம்பித்துக் கொடுத்த தம்பி தன்னுடைய ஈமெயிலைக் கொடுத்திருந்தார். வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார், நினைவூட்டல் எல்லாம் அவருடைய பழைய பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. தற்செயலாகப் பார்த்துச் சொன்னார், தப்பித்தோம். குழுவின் வங்கிக் கணக்குக்கு ஊக்குநர், பிரதிநிதி என்று இரண்டு பேர் கையெழுத்து வைக்கிறோமே, இதற்கும் அப்படி இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கணும். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, கவரில் ஒட்டி, பீரோவில் வைத்தாயிற்று. கெடு தேதி இப்போது வரவு செலவு நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

போட்டோக்களைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போதைய போனில் எடுக்கும் ஒரு படமே 4 எம்.பி. வரும். பத்துப் படம் அப்படியே ஏற்றினால் 40 எம்.பி. டவுனில் சரி, மலைமேல் சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் படம் வருவதற்குள் சாமை கஞ்சியே வெந்துவிடும். 200 கே.பி.க்குள் சுருக்கிப் போட்டால் போதும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வெயிலில், வெள்ளைத் துணி மேல் வைத்து எடுங்கள். விழா மேடைப் படம் பத்தைவிட, புளி உடைக்கிற, சாமை புடைக்கிற படம் ஒன்று மேல். இது எங்கள் அபிப்பிராயம், விழாக் குழுவினர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எழுத்திலும் ஒரு கோளாறு இருந்தது. சில பழைய பக்கங்கள் போனில் கட்டம் கட்டமாகவும் புரியாத குறியாகவும் தெரிகின்றன. அவை பழைய எழுத்துருவில் அடித்தவை. 2010இல் தமிழக அரசே யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. உங்கள் போனில் தமிழில் அடித்தாலே அது யூனிகோடுதான். அந்தப் பக்கங்களை மறுபடி அடிக்கணும். அடிக்கும்போது "சாமை" என்பதோடு "லிட்டில் மில்லட்" என்றும் சேருங்கள். சென்னையில் வாங்குகிறவர்கள் அப்படித்தான் தேடுகிறார்கள். எடை, விலை, அரைத்த தேதி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் எல்லாம் பொருளுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கையிருப்பு இல்லையென்றால் "இல்லை" என்று போடுங்கள், அதற்குக் கூச்சம் வேண்டாம்.

எதைப் போடக் கூடாது என்பதை எழுதும்போது எங்களுக்குக் கொஞ்சம் கை நடுங்குகிறது. வெளிப்படையாக இருக்கணும் என்று நாங்களே குழுத் தலைவிகளின் பெயர், போன் நம்பர், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் பட்டியலாக வெப்சைட்டில் போட்டுவிட்டோம். சில வாரத்தில் ஒரு தலைவிக்குப் போன் வந்தது. "உங்க குழுவுக்கு லோன் பாஸாயிடுச்சும்மா, வர்ற நம்பரைச் சொல்லுங்க" என்று. குழுவின் பெயரும் கணக்கு எண்ணும் சரியாகச் சொன்னதால் நம்பிவிட்டார். நல்லவேளையாகப் பக்கத்தில் இருந்த மகள் போனைப் பிடுங்கி வைத்தாள். தப்பு அந்த அம்மாவுடையது அல்ல, எங்களுடையது. அன்றே பட்டியலை எடுத்துவிட்டோம். ஆதார், கணக்கு எண், பாஸ்புக் படம், வீட்டு முகவரி எதுவும் இனி ஏறாது. உறுப்பினர் படம் போடுவதானால் அவரிடம் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான். இப்படி யாராவது பணம் பறித்துவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற நம்பருக்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

வரும் மாதாந்திரக் கூட்டத்தில், சேமிப்புக் கணக்கு முடிந்ததும் கால் மணி நேரம் வெப்சைட்டுக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஒவ்வொரு குழுவும் தங்கள் பொருளின் இன்றைய விலை, கையிருப்பு, ஒரு போட்டோ கொண்டு வாருங்கள். பிளஸ் டூ முடித்த பெண்கள் வீட்டில் இருந்தால் கூடவே அழைத்து வாருங்கள். மாதம் ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, வெப்சைட்டில் இருக்கிற நம்பருக்குத் தங்கள் போனிலிருந்து ஒரு தடவை அடித்துப் பார்ப்பது.